குமிழியைப் பார்த்து முடிவெடுங்கள்: சஸ்பென்ஷன் கல்ச்சருக்கு எந்த சர்ஃபேக்டன்ட்?

டி-ஃபிளாஸ்க்கில் (தட்டையான வளர்ப்புக் குடுவை) ஒட்டிக்கொண்டு ஒழுங்காக வளர்ந்த செல்லை, மிதக்கவிட்டு வளர்க்க (இதுதான் சஸ்பென்ஷன் கல்ச்சர்) குலுக்கும் ஷேக்கருக்கு மாற்றுகிறீர்கள். மூன்றாம் நாள் வயபிலிட்டி, அதாவது உயிரோடிருக்கும் செல்களின் விகிதம், இறங்குகிறது. ஒருவர் "ப்ளூரானிக் போடு" என்கிறார், இன்னொருவர் "ட்வீன் 80 பாட்டில் சும்மாதானே இருக்கிறது, அதுவும் சர்ஃபேக்டன்ட்தானே" என்கிறார், வேறு ஒருவர் எங்கோ படித்ததாக பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) என்கிறார். மூன்றுமே சர்ஃபேக்டன்ட், அதாவது திரவத்தின் பரப்பில் போய் உட்கார்ந்து பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள். எதை எடுப்பது?

சிஎச்ஓ (சீன வெள்ளெலியின் சூலகச் செல்), எச்இகே 293 (மனிதக் கருவின் சிறுநீரகச் செல்), ஹைபிரிடோமா (ஆன்டிபாடி சுரக்கும் கலப்புச் செல்) போன்ற பாலூட்டிச் செல்களை மிதக்கவிட்டு வளர்ப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவர்களுக்கு விடை ப்ளூரானிக் எஃப்-68, 0.1 சதவீதம். ஆனால் ஏன் என்று தெரியாமல் போட்டால் இரண்டு மடங்கு போட்டுவிடுவோம், இல்லை தப்பான ப்ளூரானிக்கைப் போடுவோம், இல்லை தேவையே இல்லாத இடத்தில் போட்டுவிட்டு நுரையோடு மல்லுக்கட்டுவோம்.

## செல்லைக் கொல்வது யார்

கிளறி (ஸ்டிரர்) சுழல்வதால் செல் கிழிகிறது என்றுதான் நாம் எல்லோரும் முதலில் நினைக்கிறோம். இந்தப் பொருள்களுக்கு உள்ள "ஷியர் ப்ரொடெக்டன்ட்" (உராய்ந்து கிழிக்கும் விசையிலிருந்து காப்பது) என்ற பெயரும் அந்த நினைப்பைத்தான் வளர்க்கிறது. 1990-இல் குனாஸும் பாப்புட்சாகிஸும் ஹைபிரிடோமா செல்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ரியாக்டருக்குள் (செல் வளர்க்கும் கலன்) காற்றுக்கு இடமே இல்லாமல் செய்து, குமிழி உள்ளே இழுபடாதபடி கிளறினால் நிமிடத்துக்கு 600 சுற்று வரைக்கும் செல்கள் தாங்கின. சுழி விழுந்து குமிழி உள்ளே போனபோதுதான் கதை மாறியது.

நடப்பது இதுதான். மேலே ஏறும் குமிழியின் தோலில் செல் ஒட்டிக்கொண்டு கூடவே பரப்புக்குப் போகிறது. அங்கே குமிழி உடையும்போது அந்த மெல்லிய படலம் சட்டென்று சுருங்கி, கீழிருந்து ஒரு நீர்த்தாரை பீய்ச்சியடிக்கிறது. அந்த இடத்தில் இருந்த செல் பிழைப்பது கஷ்டம். குமிழி சிறிதாக இருந்தால் இன்னும் மோசம். அதனால்தான் ஆக்ஸிஜன் நன்றாகக் கரையட்டும் என்று நுண்துளை ஸ்பார்ஜருக்கு (வாயுவைக் குமிழியாக விடும் குழாய்) மாறியதும் செல் சாகிறது, பழி கிளறியின் மேல் விழுகிறது.

ஆக, நமக்கு வேண்டியது செல்லைக் குமிழியில் ஒட்டவிடாத ஒரு பொருள். பரப்பு இழுவிசையைக் குறைப்பது அந்த வேலையின் ஒரு பகுதி மட்டுமே. அதை மட்டும் பார்த்தால் பாத்திரம் கழுவும் சோப்பும் செய்யும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள். செல் குமிழியில் ஒட்டுவதைத் தடுக்கிறதா என்பது முதலாவது. காப்பாற்றும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது இரண்டாவது, என்னைக் கேட்டால் இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம், ஏனென்றால் ஆய்வகத்தில் பைப்பெட் தவறுவது சகஜம். மூன்றாவது, லாட்டுக்கு லாட் (ஒரு தயாரிப்புத் தொகுதிக்கும் அடுத்ததற்கும்) எவ்வளவு மாறும். நான்காவது, நுரை, வடிகட்டல், சுத்திகரிப்பு, புரத அளவீடு என்று பின்னால் வரும் தலைவலிகள். ஐந்தாவது, செல்லுக்கு வேறு ஏதாவது, குறிப்பாகக் கொழுப்பு, இதன் வழியாகப் போக வேண்டியிருக்கிறதா என்பது.

| தேர்வு | வழக்கமான அளவு | குமிழியிலிருந்து காப்பு | தவறு நேர்ந்தால் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| ப்ளூரானிக் எஃப்-68 | 0.1% | மிக நன்று | மன்னிக்கும் | லாட் சோதனை, நுரை |
| ட்வீன் 80 | லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் | நம்ப முடியாது | செல் சாகும் | பெராக்சைடு, அளவீடுகளில் குழப்பம் |
| பிவிஏ | 0.1% | நன்று | பெரும்பாலும் மன்னிக்கும் | சரியான ரகம் தேடுவது, கரைப்பது |
| மெத்தில்செல்லுலோஸ் | 0.1% முதல் | நன்று | மன்னிக்கும் | பிசுபிசுப்பு |
| 10% சீரம் (விலங்கு இரத்தத்தின் தெளிநீர்) | 10% | ஓரளவு நன்று | மன்னிக்கும் | விலை, சுத்திகரிப்பு, விலங்கு மூலம் |
| எதுவும் போடாமல் | – | இல்லை | – | பெரிய அளவுக்குப் போக முடியாது |

## ப்ளூரானிக் எஃப்-68

மருந்து நூல்களில் (மருந்துகளின் தர அளவுகோல்களைச் சொல்லும் ஃபார்மகோப்பியா) இதன் பெயர் பாலாக்ஸமர் 188. நடுவே தண்ணீரை வெறுக்கும் பாலிப்ரொப்பிலீன் ஆக்ஸைடு, இரண்டு பக்கமும் தண்ணீரை விரும்பும் பாலிஎத்திலீன் ஆக்ஸைடு, மொத்த மூலக்கூறு எடை சுமார் 8,400. எடையில் 80 சதவீதம் தண்ணீரை விரும்பும் பகுதி. இது பாலூட்டிச் செல்லுக்குப் புதிதல்ல. 1960-லேயே ஸ்விம், பார்க்கர் இருவரும் ஷேக்கரில் ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்க்க இதைப் போட்டுப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

பெயரில் உள்ள எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் உதவும். 'எஃப்' என்றால் செதில் வடிவம், 'பி' பசை, 'எல்' திரவம். கடைசி எண்ணைப் பத்தால் பெருக்கினால் எத்திலீன் ஆக்ஸைடின் சதவீதம், அதற்கு முன்னால் உள்ளதை 300-ஆல் பெருக்கினால் நடுப்பகுதியின் ஏறத்தாழ எடை. எஃப்-68 என்றால் 80 சதவீதம், 1,800. எஃப்-127 என்றால் 70 சதவீதம், 3,600. எல்-61 என்றால் வெறும் 10 சதவீதம், அதாவது பெரும்பகுதி எண்ணெய்த்தனம். தண்ணீரை விரும்பும் பகுதி குறையக் குறைய அது செல் சவ்வுக்குள் புகுந்து பிய்த்துவிடும் ஆபத்து கூடுகிறது. 1980-களின் கடைசியில் மர்ஹாமரும் கூச்சியும் பூச்சிச் செல்களில் வரிசையாகப் பல ப்ளூரானிக்குகளைப் போட்டுப் பார்த்தபோது, ஒரே குடும்பத்திலேயே சில காத்தன, சில கரைத்தன.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நான் இருந்த ஒரு லேபில் கால்சியம் சாயம் ஏற்றுவதற்கு வைத்திருந்த எஃப்-127 பாட்டிலை ஒருவர் "ப்ளூரானிக்தானே" என்று எடுத்து மீடியாவில் (செல் வளரும் ஊட்டக் கரைசல்) ஊற்றிவிட்டார். திட்டவும் மனம் வரவில்லை, லேபிளில் 'ப்ளூரானிக்' பெரிய எழுத்தில் இருந்தது, எண் சின்ன எழுத்தில். எஃப்-127 அடர்த்தியாகக் கரைத்தால் ஃப்ரிட்ஜில் தண்ணீர் மாதிரி இருந்துவிட்டு உடல் வெப்பத்தில் ஜெல்லாகிவிடும் சாமான். அலமாரியில் இரண்டையும் வேறு வேறு தட்டில் வையுங்கள்.

சரி, எஃப்-68 ஏன் இவ்வளவு சாதுவாக இருக்கிறது? 0.1 சதவீதம் என்றால் லிட்டருக்கு ஒரு கிராம். அந்த அளவில் அது பெரும்பாலும் மைசெல்லாக (மூலக்கூறுகள் திரண்ட நுண் உருண்டை) கூடாமல் தனித்தனிச் சங்கிலிகளாகவே திரிகிறது. குமிழியின் பரப்பைப் புரதத்தைவிட வேகமாகப் போய் மூடுகிறது, செல்லுக்கு ஒட்ட இடம் கிடைப்பதில்லை. செல் சவ்விலும் கொஞ்சம் உட்கார்ந்து அதன் தளர்வைக் குறைக்கிறது, ஹைபிரிடோமாவில் இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். "சவ்வின் மேலேயே நின்றுவிடும், உள்ளே போகாது" என்று நெடுநாள் நம்பிக்கை இருந்தது. 2008-இல் சிஎச்ஓ செல்களிலும் குருத்தெலும்புச் செல்களிலும் செய்த வேலை அது உள்ளேயும் போகிறது என்று காட்டியது. வளர்ச்சிக்கு அதனால் பெரிய பாதகம் தெரிவதில்லை. ஆனால் செல்லையே நோயாளிக்குக் கொடுக்கப்போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

இப்போது மறைந்திருக்கும் செலவுகள். முதலாவது, லாட். மருந்து நூல் சொல்லும் எல்லா அளவுகோலையும் தாண்டிய லாட் கூட சில சமயம் ரியாக்டரில் காப்பாற்றாது. பாலிமர் என்பது ஒரே மூலக்கூறு அல்ல, ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தில் எடை கூடிய, எண்ணெய்த்தனம் மிகுந்த சிறு பங்கு எவ்வளவு இருக்கிறது என்பது சான்றிதழில் வருவதில்லை. சான்றிதழை மட்டும் நம்பி வாங்கினால், பெரிய ஓட்டத்தின் நடுவில்தான் தெரியவரும். அதனால்தான் பெரிய மருந்து நிறுவனங்கள் ஒவ்வொரு லாட்டையும் தடுப்புப் பள்ளம் (பேஃபிள்) வைத்த ஷேக் ஃபிளாஸ்க்கில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகின்றன. செல் வளர்ப்புக்கென்றே சோதித்து விற்கும் ரகம் விலை கூடுதல்தான், ஆனால் அந்தச் சோதனையைச் செய்ய உங்களிடம் ஆளும் நேரமும் இல்லையென்றால் அதுவே மலிவு.

இரண்டாவது, இரட்டிப்பு. சந்தையில் கிடைக்கும் சீரம் இல்லாத, வேதியியல் வரையறையுள்ள சிஎச்ஓ மீடியாக்களில் பலவற்றில் இது ஏற்கெனவே இருக்கிறது. டிஎம்இஎம், ஆர்பிஎம்ஐ 1640 மாதிரியான பழைய அடிப்படை மீடியாக்களில் இல்லை. பலர் கவனிக்காத இன்னொரு வாசல் லிப்பிட் கான்சன்ட்ரேட் (அடர்த்தியான கொழுப்புக் கலவை). பரவலாகப் பயன்படும் நூறு மடங்கு லிப்பிட் கலவையில் லிட்டருக்கு 100 கிராம் எஃப்-68 இருக்கிறது. நூறில் ஒரு பங்கு ஊற்றினால் அதுவே 0.1 சதவீதத்தைக் கொடுத்துவிடும். அதோடு 10 சதவீதக் கரைசலில் இருந்து லிட்டருக்கு 10 மில்லியும் ஊற்றினால் 0.2 ஆகிவிடும். செல் சாகாது, நுரை மட்டும் பாத்திரத்தின் வாயைத் தொடும்.

நுரை என்றதும் ஆன்டிஃபோம் எடுப்போம், அங்கேதான் மூன்றாவது செலவு. சிலிக்கோன் ஆன்டிஃபோம் குமிழிகளை ஒன்றுசேர்த்து ஆக்ஸிஜன் கரைவதைக் குறைக்கிறது, அளவு மீறினால் ப்ளூரானிக் தரும் காப்பையும் கொஞ்சம் பறிக்கிறது, அறுவடைக்குப் பிறகு வடிகட்டியையும் அடைக்கலாம். சொட்டுக் கணக்கில், நுரை எழும்போது மட்டும் விடுங்கள்.

செல் அடர்த்தி மிக அதிகமாகப் போகும் ஃபெட்-பேட்ச் (இடையிடையே ஊட்டம் சேர்ப்பது), பெர்ஃப்யூஷன் (மீடியாவைத் தொடர்ந்து மாற்றுவது) ஓட்டங்களில் வாயு நிறைய விட வேண்டியிருப்பதால் 0.1 போதாமல் 0.2, சில இடங்களில் அதற்கு மேலும் போகிறார்கள். அது எல்லோருக்குமான அளவு அல்ல.

## ட்வீன் 80

இதை நான் காப்புப் பொருள் பட்டியலிலேயே வைப்பதில்லை. பாலிசார்பேட் 80 சிறிய மூலக்கூறு, எடை 1,310 சுமார், ஒரு முனையில் ஓலியிக் அமில வால். 0.0013 சதவீதத்தைத் தாண்டியதுமே மைசெல் கட்ட ஆரம்பிக்கிறது. ப்ளூரானிக் மாதிரி நினைத்து 0.1 சதவீதம் போட்டீர்களானால் மைசெல் கட்டும் அளவைப் போல் எழுபது எண்பது மடங்கு போடுகிறீர்கள். அப்போது அது சவ்வின் கொழுப்பையே பிரித்தெடுக்கத் தொடங்கும். லைசிஸ் பஃபரில் (செல்லை உடைக்கும் கரைசல்) போடும் ட்ரைட்டான் எக்ஸ்-100 அளவுக்கு முரடு இல்லை, ஆனால் சொந்தக்காரர்தான்.

"சீரம் இருந்தபோது போட்டோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று சிலர் சொல்வார்கள். ஆகியிருக்காது. சீரத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சீரத்தை எடுத்த அன்றைக்கே அதே அளவு விஷமாகிவிடும், நாமோ சீரம் இல்லாததால் செல் பட்டினி கிடக்கிறது என்று எண்ணிக்கொள்வோம்.

இதற்கென்று நல்ல வேலை ஒன்று இருக்கிறது, அது கொழுப்பைத் தூக்கிக்கொண்டு போவது. என்எஸ்0 (எலி மையலோமா) செல்லுக்கு கொலஸ்ட்ரால் தானே செய்துகொள்ளத் தெரியாது, வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும், கொலஸ்ட்ராலோ தண்ணீரில் கரையாது. அங்கே சைக்ளோடெக்ஸ்ட்ரின் அல்லது ட்வீன் போன்ற ஒரு சுமைதூக்கி வேண்டும். மேலே சொன்ன லிப்பிட் கலவையிலும் ட்வீன் 80 இருக்கிறது, நூறில் ஒன்றாக நீர்த்தால் லிட்டருக்கு 22 மில்லிகிராம் வரும். ட்வீனுக்குப் பொருத்தமான அளவு என்று நான் நினைப்பது அந்த வட்டாரம்.

மறைந்திருக்கும் செலவு: ஓலியிக் அமிலத்தில் இரட்டைப் பிணைப்பு இருப்பதால் திறந்து வைத்த பாட்டிலில் பெராக்சைடு சேரும், அது செல்லையும் புரதத்தையும் ஆக்ஸிஜனேற்றம் செய்யும். ஐரோப்பிய மருந்து நூலின்படி அதன் கொழுப்பு அமிலங்களில் 58 சதவீதம் ஓலியிக் இருந்தாலே போதும், சீன மருந்து நூலில் ஊசி ரகத்துக்கு 98 சதவீதம் வேண்டும். அதாவது 'ட்வீன் 80' என்ற ஒரே பெயரில் வேறு வேறு கலவைகள் விற்கின்றன. பிராட்ஃபோர்ட் முறையில் புரதம் அளப்பவர்களுக்கு இது தனித் தொல்லை.

ஆன்டிபாடி ஊசிகளில் ட்வீன் இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே காப்பாற்றப்படுவது புரதம், செல் அல்ல.

## பிவிஏ

பாலிவினைல் ஆல்கஹால் எனக்குப் பிடித்த இரண்டாம் இடம். செல்-குமிழி ஒட்டுதலை அளந்து பார்த்த 1990-களின் ஆய்வுகளில் எஃப்-68, மெத்தில்செல்லுலோஸ் ஆகியவற்றோடு இதுவும் நல்ல பெயர் வாங்கியது. ஆனால் உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது வேறு காரணத்துக்காக. 2019-இல் எலியின் இரத்த ஸ்டெம் செல்களை ஆல்புமினே இல்லாமல், அதற்குப் பதில் பிவிஏ மட்டும் போட்டு, ஒரு மாதம் வரை பெருக்கிக் காட்டினார்கள். வருடக்கணக்கில் ஆல்புமின் இல்லாமல் முடியாது என்று நினைத்திருந்த இடத்தில், பசையில் போடும் பாலிமர் வந்து உட்கார்ந்தது. 2023-இல் மனிதச் செல்களுக்கு சோலுப்ளஸ் என்ற இன்னொரு பாலிமரைக் கொண்டுபோனார்கள்.

உங்களிடம் இருப்பது இரத்த ஸ்டெம் செல் என்றால், அல்லது ஆல்புமினின் லாட் மாற்றம் உங்களை அலைக்கழிக்கிறது என்றால், பிவிஏ-யை முதலில் பாருங்கள். வெறும் சிஎச்ஓ என்றால், ப்ளூரானிக்கைவிட இதில் அதிகமாகக் கிடைப்பது எதுவும் இல்லை.

செலவு ரகத்தில் இருக்கிறது. 'பிவிஏ' என்று மட்டும் ஆர்டர் கொடுத்தால் என்ன வரும் என்று சொல்ல முடியாது. நீராற்பகுப்பு 87 சதவீதச் சுற்றில் உள்ளதும், 99-க்கு மேல் உள்ளதும் நடத்தையில் வேறு வேறு. முன்னதில் மிச்சமிருக்கும் அசிட்டேட் குழுக்கள்தான் அதற்குப் பரப்பு வேலையைக் கொடுக்கின்றன. இரண்டுமே குளிர்ந்த நீரில் போட்டால் கட்டிகட்டிக்கொண்டு அடம்பிடிக்கும், சூடாக்கிப் பொறுமையாகக் கிளற வேண்டும்.

## மெத்தில்செல்லுலோஸ்

பழைய கை. காப்பும் நன்றாகவே தருகிறது. ஆனால் இதை வைத்து வேலை செய்தவர்கள் திரும்ப இதனிடமே போவதை நான் பார்த்ததில்லை. இது வெந்நீரில் கரையாது, குளிர்ந்த நீரில்தான் கரையும், வெந்நீரில் தூவிப் பரப்பிவிட்டு ஐஸில் வைத்துக் கரைக்க வேண்டும். பாகு கூடிய ரகத்தை எடுத்துவிட்டால் 0.2 மைக்ரான் வடிகட்டி நகராது, சென்ட்ரிஃபியூஜில் செல் ஒழுங்காகப் படியாது, பைப்பெட்டின் அளவே தவறும். செல்களைக் காலனியாக ஓரிடத்தில் நிறுத்தி வளர்க்கும் அரைத்திட மீடியாவுக்கு இது அருமை. அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

## சீரம், அல்லது ஒன்றுமே இல்லாமல்

10 சதவீத சீரம் ஊற்றிய மீடியாவில் சர்ஃபேக்டன்ட் இல்லாமலும் பல செல்கள் ஸ்பின்னரில் (உள்ளே கிளறி சுழலும் குடுவை) பிழைத்துக்கொள்கின்றன. சிறிய ஆய்வுக்கு, சில வார வேலைக்கு, அதுவே போதும். புரதத்தைப் பிரித்தெடுக்கப் போகிறீர்கள் என்றால்தான் சீரத்தின் புரதக்கடலில் உங்கள் புரதத்தைத் தேட வேண்டியிருக்கும்.

தட்டில் ஒட்டி வளரும் செல்லுக்கு எதையும் போடாதீர்கள். குமிழியே இல்லாத இடத்தில் குமிழிக்குக் காவல் எதற்கு? மெதுவாகச் சுழலும் பள்ளமில்லாத ஷேக் ஃபிளாஸ்க்கிலும், மேற்பரப்பு வழியாகவே காற்று வாங்கும் ஆட்டப்படும் பைகளிலும், வாயுவைக் குமிழியாக விடாத வரை நெருக்கடி குறைவு. வேவ் பை என்று நாம் சொல்லும் அந்த முறையை விஜய் சிங் 1999-இல் விவரித்தார். ஆனாலும் நாளைக்கு ஸ்பார்ஜர் வைத்த ரியாக்டருக்குப் போகும் திட்டம் இருந்தால் இன்றைக்கே எஃப்-68-உடன் பழக்குங்கள், நடுவில் மீடியாவை மாற்றினால் எது எதனால் ஆனது என்றே தெரியாது.

அப்புறம், செல் திரள் கட்டுவதை இந்தப் பட்டியலில் எதுவும் தீர்க்காது. அது பெரும்பாலும் செத்த செல்களிலிருந்து வந்த டிஎன்ஏ-வும் கால்சியமும் செய்யும் வேலை. அதற்கென்று விற்கும் திரள் தடுப்பான்களை டிரான்ஸ்ஃபெக்‌ஷனுக்கு முன்னால் ஊற்றிவிடாதீர்கள், டிஎன்ஏ-வைச் செல்லுக்குள் கொண்டுபோக பிஇஐ என்ற பாலிமர் அதோடு சேரும் கூட்டணியை அவை கெடுக்கும். வழக்கமான அளவில் எஃப்-68 அப்படிக் கெடுப்பதில்லை.

## யாருக்கு எது

ஸ்பார்ஜர் வைத்த ரியாக்டரில் சிஎச்ஓ, எச்இகே, ஹைபிரிடோமா என்றால் எஃப்-68, மீடியாவில் ஏற்கெனவே இல்லை என்று பார்த்த பிறகு. கொலஸ்ட்ரால் கேட்கும் செல் என்றால் எஃப்-68-உடன் கொஞ்சம் ட்வீன், லிப்பிட் கலவையின் வழியாக மட்டும். இரத்த ஸ்டெம் செல், அல்லது ஆல்புமினை விரட்ட வேண்டும் என்றால் பிவிஏ. காலனி என்றால் மெத்தில்செல்லுலோஸ். தட்டு என்றால் ஒன்றும் வேண்டாம்.

எதைத் தேர்ந்தாலும் ஒரு சின்னச் சோதனை செய்துவிடுங்கள். தடுப்புப் பள்ளம் வைத்த மூன்று ஃபிளாஸ்க்: ஒன்றில் சர்ஃபேக்டன்ட் இல்லை, ஒன்றில் நம்பிக்கையான பழைய லாட், ஒன்றில் புதியது. ஒரே விதைப்பு அடர்த்தி, காற்று நன்றாக உள்ளே அடிபடும் அளவுக்கு வேகம், ஒவ்வொரு நாளும் எண்ணிக்கையும் எல்டிஎச்-சும் (உடைந்த செல்லிலிருந்து கசியும் நொதி). முதல் ஃபிளாஸ்க்கில் செல் சாகவில்லை என்றால் சோதனை போதுமான கடுமையில் இல்லை, வேகத்தைக் கூட்டி மறுபடி ஓட்டுங்கள். அதில் சாகிறது, பழைய லாட்டில் சாகவில்லை என்றால்தான் மூன்றாவது ஃபிளாஸ்க் சொல்வதற்கு அர்த்தம் உண்டு.

இதற்காகவே பழைய லாட்டில் ஒரு 50 மில்லியைத் தனியாக எடுத்து, தேதி எழுதி, வெளிச்சம் படாமல் ஃப்ரிட்ஜின் பின்தட்டில் வைத்துவிடுங்கள். அதைக் காலிசெய்ய யாரையும் விடாதீர்கள்.